மூன்றாம் அறையின் பொத்தான்

வெள்ளவத்தை
07.10.2025

தனுஷனுக்கு,

குளிர் அறைகளைக் கண்காணிக்க நீர் ஒட்டி அனுப்பிய ஆறு பெட்டிகளும் நேற்று இராமர் அண்ணையின் ஓட்டோவில் வந்து சேர்ந்தன. கூட வந்த துண்டுச் சீட்டுத்தான் சரியில்லை. நான்காவது பெட்டியில் நான்கு வெப்பமானி என்று எழுதியிருக்கிறீர். திறந்து பார்த்தால் மூன்றுதான் இருக்கிறது.

"உதுக்கெல்லாம் ஏன் அண்ணி கத்துறியள்?" என்று முன்பு சிரிப்பீர். இப்போதும் கத்தத்தான் போகிறேன். தன் உடம்பில் என்ன பொருத்திப் பூட்டியிருக்கிறது என்று பெட்டிக்குத் தானாகத் தெரியாது. மின்சாரம் வந்ததும் அது முதலில் வாசிப்பது நான் எழுதி வைத்திருக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பைத்தான். இந்த இடத்தில் வெப்பமானி, இந்த இடத்தில் கதவுச் சென்சர் என்று அதில் உள்ளதை அப்படியே நம்பும். கோப்பில் இல்லாதது பெட்டிக்கும் இல்லை, நீர் தங்கத்தை உருக்கி ஒட்டினாலும். நான் கோப்பை எழுதுவது உம்முடைய துண்டைப் பார்த்து. துண்டு பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உம்முடைய அண்ணாவின் முப்பத்தோராம் நாள் கிரியையில் நமக்குள் நடந்ததற்குப் பிறகு உம்முடைய குரலைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உமக்கும் அப்படித்தான் இருக்கும். பிரசாந் விட்டுப்போன தொழில் இது. உமக்கும் சோறு போடுகிறது, எனக்கும் உம்மைப் பெற்ற மாமிக்கும் போடுகிறது. ஆகவே வேலைக் கதை மட்டும் பெட்டிகளோடு கடிதமாகப் போய் வரட்டும்.

இன்னொன்று. ஒருகொடவத்தையில் அந்த மீன் கொம்பனி மூன்றாம் குளிர் அறையை மூடிவிட்டது என்றுதானே மாமிக்குச் சொன்னீர்? பிரசாந் அதற்குள் இறந்தபிறகு ஒருவரும் அதைப் பாவிப்பதில்லை என்றீர். ஐந்து நாளாக என் திரையில் மூன்றாம் அறை மறுபடியும் தெரிகிறது. வெப்பநிலை சைபருக்குக் கீழே பதினெட்டு. எனக்குச் சொல்லாமல் அங்கே யார் பெட்டி பூட்டியது?

யதுஷா


கொட்டாஞ்சேனை
10.10.2025

அண்ணிக்கு,

நான்காவது பெட்டி என் பிழைதான். மன்னியுங்கள். கை முன்னைப்போல நிற்பதில்லை. ஒரு கம்பியை ஈயம் உருக்கி ஒட்டிவிட்டு மூன்று தரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறேன். பிறகு இழுத்துப் பார்க்கிறேன். பிறகு உருக்கி எடுத்துத் திரும்பவும் ஒட்டுகிறேன். இப்படி ஒட்டினால் எண்ணிக்கை எங்கே ஞாபகம் இருக்கும்?

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். "கம்பியை ஒழுங்கா ஒட்டியிருந்தா அவர் இண்டைக்கு இருந்திருப்பார்" என்று சனத்துக்கு முன்னால் சொன்னீர்கள். நான் மொட்டைத் தலையோடு நின்றேன். பிழையாகச் சொன்னீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். அண்ணா உள்ளே வேலை செய்யும்போது கதவு மூடிக்கொண்டுவிட்டது. உட்கைப்பிடி பனியில் இறுகிவிட்டது. பௌர்ணமிப் போயா லீவு, வளவில் ஒருவருமில்லை, காவலாளி புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போயிருந்தான். அந்த இரும்புச் சுவருக்குள் ஃபோனும் வேலை செய்யாது. மிச்சம் இருந்தது ஆபத்துப் பொத்தான் மட்டும். உங்கள் திரையில் அது 'ஓகே' என்று இருந்ததை விசாரணைக்கு வந்தவர்களும் பார்த்தார்கள். ஆனால் மணி அடிக்கவில்லை. ஆகவே இரண்டில் ஒன்று. அண்ணா வழுக்கி விழுந்து, தலை அடிபட்டு, பொத்தானைத் தொடாமலே போயிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டும் என் ஒட்டு விட்டிருக்க வேண்டும். அம்மா முதலாவதை நம்புகிறா. நான் நாளுக்கு ஒன்றை நம்புகிறேன்.

மூன்றாம் அறையை நேற்றுப் போய்ப் பார்த்தேன். பூட்டுத்தான். "ஏக்க வஹலா மல்லி, கரன்ட் எக்கத் கபலா" என்றான் காவலாளி சிங்களத்தில். கரன்ட்டையே வெட்டியாகிவிட்டது, குளிர் எங்கிருந்து வரும்? அதில் இருந்த பழைய பெட்டியை நான் களனி ஆற்றில் எறிந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் திரையில் நிற்பது ஏதோ பழைய எண்ணாக இருக்கும். அழித்துவிடுங்கள்.

தனுஷன்


வெள்ளவத்தை
15.10.2025

தனுஷனுக்கு,

அழித்தேன். அடுத்த நிமிடம் வந்துவிட்டது. பழைய எண் என்றால் அசையாமல் நிற்கும். இது ஐந்து விநாடிக்கு ஒருமுறை புதிதாக வருகிறது.

இன்னும் இருக்கிறது, கேளும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரண்டு பத்துக்கு அந்த எண் துள்ளத் தொடங்குகிறது. பதினெட்டு, சட்டென்று பதினேழரை, திரும்பப் பதினெட்டு. முதலில் அடுத்தடுத்து வருகிறது. பிறகு இடைவெளி விட்டு வருகிறது. நாலு ஐம்பதுக்கு நின்றுவிடுகிறது. இரண்டு நாள் பதிவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விநாடி பிசகவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. பட்டப்பகலில், காலி வீதி பஸ்கள் ஹோர்ன் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே, ஒரு எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்று எழுத வெட்கமாகவும் இருக்கிறது. நேற்று மாமி பின்னால் வந்து நின்றிருக்கிறா. நான் கவனிக்கவில்லை. "அது ஏன் பிள்ளை உப்பிடித் துடிக்குது?" என்று கேட்டா. கிரிக்கெட் ஸ்கோர் என்று சொல்லித் திரையை மூடினேன்.

அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தேன். ஒருகொடவத்தையிலிருந்து அல்ல, உம்முடைய கடையின் இன்டர்நெட் இணைப்பிலிருந்து வருகிறது. ஆற்றில் எறிந்த பெட்டி கொட்டாஞ்சேனையில் என்ன செய்கிறது தனுஷன்? நேற்றுப் பெட்டி இறக்கும்போது இராமர் அண்ணை கேட்டார்: "தம்பி கடைக்கு ஏசி போட்டுட்டாருங்களா தங்கச்சி? உள்ள போனா கையெல்லாம் வெறைக்குது. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு." நானும் கேட்கிறேன். எனக்காவது சொல்லும்.

அதோடு, வெப்பநிலையை ஒரு கணம் துள்ளவைக்க அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது? அதைப் பூட்டியவர் நீர். உமக்குத்தான் தெரியும்.

யதுஷா


கொட்டாஞ்சேனை
18.10.2025

அண்ணிக்கு,

பொய்தான் சொன்னேன். ஆற்றங்கரை வரைக்கும் கொண்டுபோனேன், எறியக் கை வரவில்லை. ஏழு மாதம் பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருந்தேன். இந்த மாதம் இரண்டாம் திகதி, கை நடுக்கம் பொறுக்க முடியாமல், என் ஒட்டு விட்டதா இல்லையா என்று பார்த்துவிடுவோம் என்று வெளியே எடுத்தேன். அதன் மெமரி கார்டை விசாரணைக்காரர் கொண்டுபோய்விட்டார்கள். மேசை லாச்சிக்குள் ஜனவரி மாதத்துக் கார்ட் ஒன்று கிடந்தது. அதைப் போட்டுக் கரன்ட் கொடுத்தேன். ஒட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று மீற்றர் சொல்கிறது. நான் மீற்றரை நம்பவில்லை. பெட்டியை நிற்பாட்டவும் மனமில்லை. அப்படியே கடை ராக்கைத் தட்டில் ஓடுகிறது.

அதில் வெப்பமானி ஒன்றுகூட இல்லை அண்ணி. நான்கும் ஒருகொடவத்தைச் சுவரிலேயே நின்றுவிட்டன, பொத்தானும் அங்கேதான். இங்கே இருப்பது வெட்டிய கம்பி தொங்குகிற வெறும் பெட்டி. அளப்பதற்கு அதில் எதுவுமே இல்லை. கடையில் ஏசியும் இல்லை. தகரக் கூரை, நல்ல வெயில், ஜம்பட்டா வீதியே வியர்த்து ஒழுகுகிறது. உள்ளே என் மணிக்கூட்டுக் கண்ணாடி பனிப்புகார் பிடித்து மங்கியிருக்கிறது.

துள்ளலுக்குக் காரணம் தெரியும். பொத்தானுக்குள் சின்னச் சிவப்புப் பல்பு ஒன்று இருக்கிறது. அழுத்தினால் எரியும். கம்பி மிச்சம் பிடிக்க, வெப்பமானிக்குப் போகிற மின்சாரத்திலிருந்தே அதற்கும் இழுத்தேன். பல்பு எரியும்போது மின்சாரம் கொஞ்சம் குறைந்து, வெப்பமானி அரைப் பாகை பிழையாகச் சொல்லும். ஒரு துள்ளல் என்றால் ஒருவர் ஒருதரம் அழுத்தினார் என்று அர்த்தம்.

இதை எழுதிவிட்டு வெளியே போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்துதான் தொடர்கிறேன்.

அன்றைய பதிவு உங்களிடம் இருக்கும். பெப்ரவரி பன்னிரண்டு, போயா. பார்க்கவேண்டாம் என்று எழுதத்தான் இருந்தேன். பாருங்கள் அண்ணி. அன்றைக்கும் துள்ளியிருந்தால் அண்ணா அழுத்தியிருக்கிறார், பல்பு எரிந்திருக்கிறது, மணிக்குப் போகிற மற்றக் கம்பி என் ஒட்டில் விட்டிருக்கிறது. அப்படியென்றால் கடையைப் பூட்டிவிட்டுப் போகிறேன், இனி அந்த வேலையைத் தொடமாட்டேன். தெரியாமல் இருக்க மட்டும் இனி என்னால் ஏலாது.

தனுஷன்


வெள்ளவத்தை
22.10.2025

தனுஷன்,

நேற்று முன்தினம் தீபாவளி. துடக்கு வீடென்று மாமி விளக்கை மட்டும் கொளுத்திவிட்டுப் படுத்துவிட்டா. நான் பதிவைத் திறந்தேன்.

நூற்று எழுபத்து நான்கு தரம். முதலாவது இரண்டு பத்துக்கு. முதல் நிமிடத்தில் மட்டும் பதினொன்று. கடைசி அரை மணித்தியாலத்தில் மூன்று. நாலு ஐம்பதுக்குப் பிறகு ஒன்றுமில்லை. உம்முடைய ராக்கையிலிருந்து தினமும் வருவதும் இதே நூற்று எழுபத்து நான்குதான்.

அவர் வழுக்கி விழவில்லை. உடனே போகவுமில்லை. அழுத்தும்போதெல்லாம் அந்தச் சிவப்புப் பல்பு எரிந்திருக்கும். வெளியே மணி அடிக்கிறது, யாரோ வருகிறார்கள் என்று அவர் நம்பியிருப்பார். என்னால் தாங்க முடியாமல் இருப்பது அந்த நம்பிக்கையைத்தான்.

இனி எழுதப்போவதை எட்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். உம்முடைய ஒட்டில் பிழை இல்லை.

ஜனவரியில் நீர் தந்த துண்டில் "மூன்றாம் அறைக்குப் பொத்தான் இன்னும் வரவில்லை" என்று இருந்தது. அதனால் கோப்பில் பொத்தானுக்கு நேரே டிஸேபிள்ட் என்று எழுதினேன். அப்படி எழுதிவிட்டால் பெட்டி அந்தக் கம்பியைத் திரும்பியும் பார்க்காது. பெப்ரவரி பத்தாம் திகதி உம்முடைய இரண்டாவது துண்டு வந்தது, "பொத்தான் பூட்டியாச்சு" என்று. அடுத்த நாள், செவ்வாய்க்கிழமை, கோப்பில் அந்த ஒரு சொல்லை ஓகே என்று மாற்றினேன். அதைப் பெட்டிக்கு ஏற்ற ஒரு நிமிடம் போதும். மாமி பக்கத்தில் இருந்தா. "செவ்வாயோ வெறுவாயோ எண்டு சொல்லுவினம். பொன் கிடைச்சாலும் புதன் கிடையாது. நாளைக்கு அஞ்சு மணிக்கு மேல நல்ல நேரம், அப்ப ஏத்து பிள்ளை" என்றா. எத்தனை கோப்பை நாள் பார்த்து ஏற்றியிருப்போம் என்று உமக்கே தெரியும். சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

புதன்கிழமை ஒரு மணிக்குப் புறப்படும்போது பிரசாந் வாசலில் நின்று கேட்டார்: "மூண்டாம் அறைப் பொத்தான் போட்டாச்சோ?" எழுதி முடிந்ததுதானே, ஏற்றுவதுதானே மிச்சம் என்று நினைத்து "ஓம்" என்றேன். "சரி, போட்டு வாறன்" என்றார்.

ஐந்து ஐந்துக்கு ஏற்றினேன். திரையில் ஓகே என்று வந்தது. சந்தோஷமாகத் தேத்தண்ணி குடித்தேன். அவர் அழுத்துவதை நிறுத்திப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.

விசாரணைக்காரர் ஓகே என்பதைப் பார்த்தார்களே தவிர, எத்தனை மணியிலிருந்து என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கிரியையன்று எல்லாருக்கும் முன்னால் "ஏன் அண்ணி மணி அடிக்கேல்லை?" என்று நீர் கேட்டபோது அந்த வசனத்தைச் சொன்னேன். பொய் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன். உம்முடைய கையை நடுங்கவைத்தவள் நான். நாள் பார்த்தது தான் என்று தெரிந்தால் மாமி உயிரை விட்டுவிடுவா, அதற்காகவே மறைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். எனக்காகத்தான் மறைத்தேன்.

யதுஷா


கொட்டாஞ்சேனை
25.10.2025

அண்ணிக்கு,

இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். மனதில் இல்லாததை எழுதுவானேன்? எட்டு மாதமாகச் சோற்றைப் பிசையும்போதெல்லாம் இந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அங்கே அம்மாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு நல்ல கோபம். அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது.

இன்றைக்கு இரண்டு மணிக்குக் கடையைத் திறந்து ராக்கைக்கு முன்னால் இருந்தேன். நாலு ஐம்பது வரை இருந்தேன். சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை, குளிர் மட்டும். முன்பும் அந்தக் குளிருக்குள் இருந்து வேலை செய்திருக்கிறேன். அப்போது அது வெறும் குளிர். இப்போது எனக்குக் கணக்குத் தெரியும். எனக்கு ஒரு முழத் தூரத்தில் அண்ணா அழுத்துகிறார், அழுத்துகிறார், நான் பேசாமல் ஸ்டூலில் இருக்கிறேன்.

அந்தப் பெட்டியில் ஓடுவது ஜனவரிக் கார்ட். ஜனவரிக் கோப்பு. பொத்தான் அதில் இன்னும் டிஸேபிள்ட் என்றுதான் இருக்கும். உங்களால் அங்கே இருந்தே மாற்ற முடியும். மாற்றுங்கள். என்ன நடக்கும், பொத்தானே இல்லாத பெட்டிக்கு எதற்கு என்று கேட்கவேண்டாம். நாளும் பார்க்கவேண்டாம்.

தனுஷன்


வெள்ளவத்தை
28.10.2025

தனுஷன்,

நாளைக்கு இராமர் அண்ணை வருவார். இந்தக் கடிதம் உம்முடைய கைக்கு வந்தபிறகு, வியாழக்கிழமை பகல் ஒன்றே முக்காலுக்கு ஏற்றுகிறேன். கலண்டரைப் பார்த்தேன், அது சரியான ராகுகாலம். அதனால்தான் அந்த நேரத்தை எடுத்தேன்.

மணி ஒன்றைப் பெட்டியில் கொழுவிவிடும். மணி கொழுவியதாகத் துண்டு எழுதி அனுப்பவேண்டியதில்லை, உம்மை நம்புகிறேன். எனக்கு அங்கே வந்து நிற்கத் தைரியமில்லை. உமக்கும் இல்லாவிட்டால் கொழுவிவிட்டு வெளியே போய் நில்லும். நான் உம்மைக் குறை சொல்லமாட்டேன்.

உம்முடைய கோபத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அது எனக்கு வரவேண்டியதுதான்.

யதுஷா


கொட்டாஞ்சேனை
30.10.2025

அண்ணிக்கு,

ஒன்றே முக்காலுக்குப் பெட்டியின் பச்சைப் பல்பு அணைந்து திரும்ப எரிந்தது. நீங்கள் ஏற்றிவிட்டீர்கள் என்று தெரிந்தது. நான் வெளியே போகவில்லை. குளிரில் பல் கிட்டியது. வெட்டிய கம்பிகள் எல்லாமே எதிலும் படாமல் காற்றில்தான் தொங்கின, இரண்டு தரம் பார்த்தேன்.

இரண்டு பத்துக்கு மணி அடித்தது.

அந்த நேரம் வந்தால் அழுவேன், அல்லது ஓடுவேன் என்று நினைத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. குளிர் அறையில் மணி அடித்தால் யாராக இருந்தாலும் முதலில் கதவைத் திறக்கவேண்டும், அவ்வளவுதானே? எழும்பிப் போய்க் கடைக் கதவின் இரண்டு பலகையையும் அகலத் திறந்தேன். முழு வெயிலும் உள்ளே வந்தது. "வா அண்ணா, வெளிய வா" என்று சொல்லிவிட்டு, வருகிறவருக்கு வழிவிடுகிறதுபோலச் சுவரோடு ஒதுங்கி நின்றேன். மணி நின்றது. என் முழங்கையை உரசிக்கொண்டு கொஞ்சம் குளிர் வெளியே போனது. சத்தியமாகப் போனது அண்ணி. பக்கத்துத் தையல்கடை ஸமீமா ராத்தா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, யாரு வந்த?" என்று கேட்டா. "வரேல்லை ராத்தா, போறார்" என்றேன்.

அதற்குப் பிறகு கடைக்குள் வழக்கம்போல வியர்த்துக் கொட்டியது. நாலு ஐம்பது வரை மணிக்குப் பக்கத்திலேயே இருந்தேன். அது அடிக்கவில்லை. இருந்த நேரத்தில் உங்கள் ஏழாவது பெட்டியை ஒட்டினேன். ஒரு தரம்தான் ஒட்டினேன்.

கோபம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். உங்கள் திரையில் என்ன தெரிந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

தனுஷன்


வெள்ளவத்தை
31.10.2025

தனுஷன்,

நான் தனியாக இருந்து பார்க்கவில்லை. காலையிலேயே மாமிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், செவ்வாய், புதன், ஐந்து மணி எல்லாவற்றையும். நெஞ்சில் அடித்து அழுதா. "என்ர பிள்ளையை நான் நாள் பாத்துக் கொன்றிட்டன்" என்றா. இல்லை மாமி, ஓம் என்று சொன்னது நான்தான் என்று அவவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒன்றே முக்காலுக்கு அவவே முகத்தைத் துடைத்துவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தா.

இரண்டு பத்துக்கு எண் ஒரு தரம் துள்ளியது. மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டா. அடுத்த துள்ளலுக்குக் காத்திருந்தோம், வழக்கமாக ஐந்து விநாடியில் வந்துவிடும். வரவில்லை. பதினெட்டு பதினொன்றாகியது. பிறகு சைபர். பிறகு சைபருக்கு மேலே பத்து, இருபத்து நாலு, முப்பத்தொன்று. முப்பத்தொன்றில் மூன்றாம் அறை திரையிலிருந்து தானாகவே போய்விட்டது. நான் அழிக்கவில்லை. "ஆரோ கதவைத் திறந்திட்டினம்" என்றா மாமி. நீர் திறந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது.

நாலு ஐம்பது வரை நாங்களும் அசையாமல் இருந்தோம். அன்றைக்கு நூற்று எழுபத்து நான்கு தரம் அழுத்தியவர், தனுஷன். நேற்று அவருக்கு ஒரு தரம் போதுமாக இருந்தது.

யதுஷா